ஊர் ஊராகப் போய் வாசிப்பவருக்கு ஏற்ற ஒரே கிற்றார் எது?

திருகோணமலை உப்புவெளியைச் சேர்ந்த இளம் கலைஞர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை விடுதிகளில் மாலை நேரங்களில் வாசிக்கிறார். இங்கே விடுதிக் காலம் ஓய்ந்து மாரி தொடங்கியதும் பெந்தோட்டை, ஹிக்கடுவைப் பக்கம் போய்விடுகிறார். இடையில் கோயில் திருவிழா மேடைகளும் கல்யாண வரவேற்புகளும் ஞாயிறு ஆராதனைகளும் இருக்கின்றன. பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர் என்பதால் ஒரு கருவிக்கு மேல் கொண்டுபோக வழியில்லை. ஒரு நண்பர் கனமான சத்தத்துக்குக் கிப்சனின் 'லெஸ் போல்' கிற்றாரை வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் தவிர வேறெதையும் பார்க்காதே என்கிறார். "எல்லாப் பாட்டுக்கும் பொருந்துகிற ஓர் எலெக்ட்ரிக் கிற்றார் வேண்டும், என்னிடம் இருக்கும் காசுக்கு ஒரு தடவைதான் வாங்கலாம், பெயர் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார்.

தம்பி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்ப்போம். கழுத்து திருகாணிகளால் பூட்டப்பட்டதாகவும், உடலில் தந்திகள் தங்கும் பிரிட்ஜ் அசையாததாகவும், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புகளில் பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு ஹம்பக்கரும் (இரட்டைச் சுருள்) நடுவிலும் கழுத்துப் பக்கத்திலும் இரண்டு சிங்கிள் கொயில்களும் (ஒற்றைச் சுருள்) கொண்டதாகவும், மூன்றரைக் கிலோவுக்குள் நிற்பதாகவும் ஒன்றைத் தேடுங்கள். ஒரு கிற்றாரில் எத்தனை விதமான சத்தம் எடுக்கலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அலைந்து வாசித்துப் பிழைப்பவர் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது இந்தக் கருவிக்கு ஏதாவது நேர்ந்தால், ஒரு திருப்புளியையும் ஓர் அலன் சாவியையும் வைத்துக்கொண்டு அதை நானே மறுபடி மேடைக்கு ஏற்ற முடியுமா? இந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் தரும் கருவிகளுக்குள்ளேதான் நல்ல சத்தத்தைத் தேட வேண்டும்.

இதை நான் சும்மா ஒரு விருப்பமாகச் சொல்லவில்லை. இந்தக் கருவிகள் பிறந்த விதத்திலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் வானொலிப் பெட்டி திருத்தும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. 1950இல் அவர் சந்தைக்குக் கொண்டுவந்து, பின்னர் டெலிகாஸ்டர் என்று பெயர்பெற்ற கருவியில் பழுது பார்ப்பவரின் சிந்தனை அப்படியே தெரிகிறது. கழுத்து நான்கு திருகாணிகளால் உடலோடு பூட்டியிருக்கிறது. கெட்டுப்போனால் கழற்றி வேறு கழுத்துப் போடலாம். மின்னிணைப்புகள் எல்லாம் ஒரு தகட்டின் கீழ் இருக்கின்றன. இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் முழுதும் கைக்கு வந்துவிடும். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் அதே வழியில் வந்ததுதான். கிப்சன் நிறுவனம் 1952இல் வெளியிட்ட லெஸ் போல் வேறு மரபைச் சேர்ந்தது. மேற்பலகையை வயலின்போல வளைத்துச் செதுக்கி, கழுத்தைப் பசையால் உடலோடு ஒட்டி, தலைப்பகுதியைப் பின்பக்கமாகச் சாய்த்துச் செய்யும் கைவினை அது. அழகும் நாதமும் அதில் குறைவில்லை. ஆனால் தலை சாய்கிற இடத்தில் மரத்தின் நார் குறுக்காக ஓடுகிறது. கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை முறுக்குவதற்கான குழியும் சரியாக அதே இடத்தில் வெட்டப்படுகிறது. கருவியின் மிக மெலிந்த இடம் அதுதான், கீழே விழுந்தால் அடி வாங்கும் இடமும் அதுதான்.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், நான் முதன்முதலில் வாங்கிய நல்ல கிற்றார் அந்த வகையைச் சேர்ந்தது. மட்டக்களப்பில் ஒரு கல்யாண வரவேற்பை முடித்துக்கொண்டு இரவு பஸ்ஸில் திரும்பும்போது, மேல்தட்டில் வைத்திருந்த பை ஒரு வளைவில் சரிந்து நடைபாதையில் விழுந்தது. விழுந்த உயரம் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. வீட்டுக்கு வந்து பையைத் திறந்தபோது கிற்றார் முழுசாகத்தான் கிடந்தது. தந்திகள் மாத்திரம் தொய்ந்திருந்தன. என்ன என்று தலையைப் பிடித்துத் தூக்கினேன், அது கதவு திறப்பதுபோல மடங்கிக் கையோடு வந்தது. கழுத்தின் முனையில் தந்திகள் தங்கும் சிறு துண்டான நட்டுக்குப் பின்னால் மரம் நார்நாராகப் பிளந்து, பின்பக்கத்துப் பூச்சு மட்டும் தோல்போல இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தது. அதை ஒட்டலாம், தெரிந்தவர் ஒட்டினால் முன்பைவிட உறுதியாகவும் நிற்கும். ஆனால் பசை இறுக ஒரு முழு நாள் வேண்டும், எனக்கோ அடுத்த நாள் மாலை மூதூரில் மேடை இருந்தது. இரவல் கருவியோடு போனேன். அன்றிலிருந்து பயணத்துக்கு நான் எடுத்துச் செல்வது திருகாணிக் கழுத்து, சாய்வில்லாத தலை. வீட்டில் வைத்துப் பதிவு செய்வதற்கு லெஸ் போல் வாங்குவதை நான் ஒருபோதும் தடுக்க மாட்டேன். பஸ்ஸில் கொண்டுபோகும் ஒரே கருவியாக அதை வாங்குவதைத்தான் தடுக்கிறேன். அதன் பாரமும் கவனிக்க வேண்டியது. நாலு, நாலரைக் கிலோ எடையுள்ளவை பல உண்டு. நான்கு மணி நேரம் நின்று வாசிக்கும் கல்யாண இரவில் அந்த ஒரு கிலோ வித்தியாசம் தோளுக்குத் தெரியும்.

இனிச் சத்தத்துக்கு வருவோம். சிங்கிள் கொயில் என்பது காந்தத்தைச் சுற்றிய ஒரே கம்பிச் சுருள். தெளிவும் கூர்மையும் அதன் பலம். பைலாவுக்குத் தட்டும்போதும், எண்பதுகளின் திரைப்பாடல்களில் வரும் தனித்தனி ஸ்வரங்களாக விரித்து மீட்டும் பகுதிகளிலும் அந்தத் தெளிவு இல்லாவிட்டால் கீபோர்டின் சத்தத்துக்குள் கிற்றார் மூழ்கிவிடும். ஆனால் அந்தச் சுருள் வானொலியின் அன்ரனாபோலச் சுற்றியிருக்கும் மின்கம்பிகளின் அதிர்வையும் வாங்கிக்கொள்கிறது. எங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அந்த உறுமல் தாழ்ந்த சுருதியில், விடாமல், பாட்டின் அமைதியான இடங்களில் எல்லாம் கேட்கும். திருவிழாப் பந்தலில் அலங்கார விளக்குகளுக்கும் ஜெனரேட்டருக்கும் பக்கத்தில் மேடை போட்டிருந்தால் அது இன்னும் மோசமாகும். இதற்கு மருந்தாக வந்ததுதான் ஹம்பக்கர். கிப்சனில் பணிபுரிந்த செத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பு அது. இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, அவற்றின் காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தால், தந்தியின் சத்தம் இரண்டிலும் கூடுகிறது, வெளியிலிருந்து வரும் உறுமல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. சத்தம் தடித்து வரும். உச்சத்தின் மினுக்கம் சற்றுக் குறையும்.

பிரிட்ஜில் ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடங்களில் சிங்கிள் கொயிலும் இருந்தால், ஐந்து நிலைச் சுவிட்ச் ஒன்றால் உங்கள் ஒரு வருட வேலை முழுவதையும் சமாளிக்கலாம். பிரிட்ஜ் ஹம்பக்கரில் டிஸ்டோர்ஷன் போட்டுத் தனி வாசிப்பு. கழுத்துப் பிக்கப்பில் மெதுவான பாடல்களின் விரிப்பு. நடுவும் கழுத்தும் சேர்ந்த நிலையில் பைலாத் தட்டும் தேவாலயப் பாடல்களும். இந்தக் கடைசி நிலைதான் ஒரு நிகழ்ச்சியில் அதிக நேரம் பாவிக்கப்படும் என்பது என் அனுபவம், ஆகவே அதை விசேடமாகச் சோதியுங்கள். நடுப் பிக்கப் மற்றதற்கு எதிர்த் திசையில் சுற்றி, எதிர்க் காந்தம் வைத்துச் செய்ததாக இருந்தால், இரண்டும் சேரும்போது உறுமல் அடங்கிவிடும். கடைக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் தெரியாது. காதால் கேட்பது இலகு. அம்பிளிஃபையரின் ஒலியைக் கூட்டி வைத்து, தந்தியைக் கையால் மூடிக்கொண்டு, கழுத்துப் பிக்கப்பிலிருந்து அடுத்த நிலைக்குச் சுவிட்சைத் தட்டுங்கள். உறுமல் சட்டென்று விழுந்தால் அது சரியான சோடி.

ஹம்பக்கரின் ஒரு சுருளை நிறுத்திச் சிங்கிள் கொயில்போல ஆக்கும் இழுவைக் குமிழ் சில கருவிகளில் இருக்கும். இருந்தால் நல்லது, அதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். சுருளைப் பிரித்தவுடன் சத்தத்தின் அளவும் குறைந்துவிடுகிறது; பாட்டின் நடுவில் இழுத்தால் உங்கள் குழுவினர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒன்பது வோல்ட் பற்றரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்கப்புகளையும் இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அவை அமைதியானவை, ஆனால் பற்றரி இறங்கும் நேரத்தை அவை உங்களுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை.

உறுமலைப் பற்றிக் கதைக்கும்போது இதைச் சொல்லாமல் விடக்கூடாது. கிற்றாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக, கேபிளின் வெளியுறை வழியாக, அம்பிளிஃபையரின் நில இணைப்போடு சேர்ந்திருக்கின்றன. உறுமுகிறது என்று சிலர் செருகியின் நில முனையைக் கழற்றிவிடுகிறார்கள். உருண்டை முனைச் செருகியும் சதுர முனைச் செருகியும் கலந்து புழங்கும் எங்கள் மண்டபங்களில், நில இணைப்பே இல்லாத மலிவான மாற்றிகளும் தாராளமாக இருக்கின்றன. அம்பிளிஃபையரில் கசிவு இருந்து, மைக் வேறோர் இடத்தில் சரியாக நிலத்தோடு இணைக்கப்பட்டிருந்தால், தந்தியில் கையும் மைக்கில் உதடும் பட்டவுடன் 230 வோல்ட் உங்கள் உடம்பு வழியாகப் போகும். ஸ்கொட்லாந்துக் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் சுவான்சி நகர மேடையில், நில இணைப்புச் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார். மின்சாரம் இருந்தால் காட்டும் டெஸ்டர் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். வாசிக்க ஏறுமுன் மைக்கின் வலையையும் உங்கள் தந்தியையும் அதனால் தொட்டுப் பாருங்கள். மழை ஈரம் காயாத மேடையாக இருந்தால் இரண்டு தடவை பாருங்கள். எந்தக் கிற்றார் வாங்கினாலும் இது மாறாது.

பிரிட்ஜ் விடயத்தில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. ஃபிளொயிட் ரோஸ் போன்ற மிதக்கும் பிரிட்ஜ், சுருதி பிசகாமல் நிற்கும் அருமையான கண்டுபிடிப்புத்தான். ஆனால் தந்திகளின் இழுவையும் பின்னாலுள்ள சுருள்வில்களின் இழுவையும் தராசுபோலச் சமநிலையில் நிற்பதால், ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி உயர்ந்துவிடும். பாடுகிறவர் "இன்றைக்குத் தொண்டை சரியில்லை, அரைச் சுருதி இறக்குங்கள்" என்று சொன்னால், பூட்டுகளைத் தளர்த்தி, இறக்கி, மறுபடி சமப்படுத்தப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் போய்விடும். அசையாத பிரிட்ஜில் அது ஒரு நிமிட வேலை. இன்னொரு விடயமும் எங்கள் இசையோடு சேர்ந்தது. பக்திப் பாடல்களிலும் பழைய திரைப்பாடல்களிலும் கமகம் வேண்டிய இடத்தில் நாம் தந்தியை வளைத்து இழுக்கிறோம். மிதக்கும் பிரிட்ஜில் ஒரு தந்தியை இழுத்தால் பிரிட்ஜ் முன்னால் சாய்ந்து மற்றத் தந்திகள் இறங்குகின்றன. கூடவே ஒலித்துக்கொண்டிருக்கும் ஆதார ஸட்ஜம் தளர்ந்து போகிறது. அசையாத பிரிட்ஜில் இழுத்தது மட்டுமே நகரும். கர்நாடக சங்கீதத்தை எலெக்ட்ரிக் கிற்றாரில் வாசிக்கும் ஆர். பிரசன்னாவைக் கேட்டவர்களுக்கு, ஒரு தந்தியின் ஓர் இழுப்புக்குள் எத்தனை நுணுக்கம் இருக்கிறது என்பது தெரியும்.

நீங்கள் விரும்பும் கருவியில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரியான அசையும் பிரிட்ஜ் இருந்தால் அதற்காக அதைக் கைவிட வேண்டியதில்லை. பின்மூடியைக் கழற்றினால் சுருள்வில்களைப் பிடித்திருக்கும் நகம்போன்ற ஒரு தகடும் அதில் இரண்டு நீளமான திருகாணிகளும் தெரியும். சுருள்வில்களை ஐந்தாக்கி, அந்தத் திருகாணிகளை இறுக்கினால் பிரிட்ஜ் உடலோடு ஒட்டி உட்கார்ந்துவிடும். பிற்காலத்தில் மனம் மாறினால் தளர்த்திக்கொள்ளலாம்.

அரைச் சுருதி இறக்கும் பழக்கம் உங்கள் குழுவுக்கு இருந்தால், தந்தியின் அதிரும் நீளத்தையும் பாருங்கள். ஃபெண்டர் வகை 648 மில்லிமீற்றர், கிப்சன் வகை ஏறக்குறைய 628, பீஆர்எஸ் நிறுவனத்தின் கருவிகள் 635. நீளம் கூடினால் அதே சுருதிக்கு இழுவையும் கூடும். ஆகவே இறக்கிய பிறகும் தந்தி தொய்யாமல் நிற்பது 648இல்தான். பத்தாம் அளவுத் தந்திச் சோடியை (முதல் தந்தி 0.010 அங்குலத் தடிப்பு) அதில் போட்டால் இறக்கியும் ஏற்றியும் வாசிக்கலாம்.

திருகோணமலையில் கிற்றாருக்கு மிகப் பெரிய எதிரி உப்புக் காற்றுத்தான். மூன்று பக்கமும் கடல் உள்ள நகரம். வாடை தொடங்கியதும் ஈரம் அலுமாரிக்குள்ளும் ஏறுகிறது, வைகாசி ஆனியில் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் அதே மரம் வறண்டு சுருங்குகிறது. சுருங்கிய விரற்பலகையின் ஓரத்தில், அதில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளின் முனை துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். தெற்குக் கடற்கரைக்குப் போனாலும் கடல் கடல்தான், ஆகவே உங்கள் கருவி வருடம் முழுவதும் உப்பிலேயே வாழப்போகிறது. இதற்கு இரண்டு விடயங்கள் உண்மையாகவே உதவும். ஒன்று, வறுத்த மேப்பிள் மரத்தில் செய்த கழுத்து. வறுப்பதால் மரம் ஈரத்தை உறிஞ்சும் தன்மை குறைந்து, காலநிலை மாறும்போது வளைவதும் குறைகிறது. மற்றது, துருப்பிடிக்காத எஃகு ஃபிரெட். சாதாரண நிக்கல் கலந்த ஃபிரெட் எங்கள் ஊரில் இரண்டு வாரம் சும்மா கிடந்தால் பச்சை பூக்கும். இது பூக்காது, தேய்வதும் மிகக் குறைவு. இவ்விரண்டும் உள்ள கருவிக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது வீண்போகாது. தங்க முலாம் பூசிய பாகங்களுக்குக் கொடுப்பது வீண்தான். வியர்வையிலேயே அது ஒரு வருடத்தில் மங்கிவிடும்.

கறள் முதலில் பிடிப்பது நீங்கள் பார்க்காத இடத்தில். ஒவ்வொரு தந்தியும் தங்கும் சிறிய இருக்கையில், உயரத்தை மாற்றுவதற்கு இரண்டு குட்டித் திருகாணிகள் இருக்கின்றன. அவை ஒரு மாரிக்குள் இறுகி, அலன் சாவியை வைத்துத் திருப்பினால் தலை உருண்டு போகும். வாங்கிய அன்றே ஒவ்வொன்றையும் கழற்றி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தொட்டுத் திரும்பப் போடுங்கள். வாசித்து முடித்ததும் பழைய சாரத் துணியால் தந்தியின் மேலும் கீழும் துடையுங்கள்; கீழ்ப்பக்கத்தை யாரும் துடைப்பதில்லை, கறள் அங்கேதான் ஏறுகிறது. பூச்சுள்ள தந்தி விலை கூடியதுதான் என்றாலும் கடற்கரையில் வாசிப்பவருக்கு அது கணக்கில் இலாபம்.

பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்தவற்றுள் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமான விலையும் தரமும் யமஹா பசிஃபிகாவில் இருக்கின்றன. 112வி மாதிரியில் நான் சொன்ன பிக்கப் ஒழுங்கும், ஆல்டர் மர உடலும், திருகாணிக் கழுத்தும், ஹம்பக்கரைப் பிரிக்கும் இழுவைக் குமிழும் இருக்கின்றன. அசையும் பிரிட்ஜை மேலே சொன்னபடி இறுக்கிக்கொள்ளலாம். பணம் இருந்தால் 612 மாதிரி. செய்மோர் டங்கன் பிக்கப்புகளும், தந்தியைப் பூட்டிப் பிடிக்கும் சுருதிச் சாவிகளான பூட்டுச் சாவிகளும் அதில் வருகின்றன. பூட்டுச் சாவி என்பது அறுந்த தந்தியை ஒரு பாட்டு முடிவதற்குள் மாற்ற உதவும் என்பதால் அதை ஆடம்பரமாக நான் எண்ணவில்லை. ஐபனெஸ் ஏஇசட் வரிசையின் மேல் மாதிரிகளில் வறுத்த மேப்பிளும் எஃகு ஃபிரெட்டும் சேர்ந்தே கிடைக்கின்றன. பீஆர்எஸ் பிடித்திருந்தால் ஒட்டிய கழுத்துள்ள கஸ்டம் 24ஐ விட்டு, திருகாணிக் கழுத்துள்ள சீஈ 24ஐப் பாருங்கள். உங்கள் வேலையில் கனமான சத்தம் குறைவாகவும் தட்டுவது அதிகமாகவும் இருந்தால் ஒரு சாதாரண டெலிகாஸ்டரே போதும். அதைவிடக் கெட்டுப்போகச் சிரமப்படும் கிற்றார் இன்னும் செய்யப்படவில்லை. தலையில்லாத சிறிய கிற்றார்கள் பஸ்ஸுக்கு வசதி என்று தோன்றும். அவற்றுள் பழைய ஸ்டைன்பேர்கர் வகைக்கு இரண்டு முனையிலும் குண்டு வைத்த விசேடத் தந்தி வேண்டும், சீனக்குடாவிலோ கந்தளாயிலோ ஒரு ஞாயிறு காலையில் அதை எங்கே தேடுவீர்கள்?

பாவித்ததை வாங்குவதாக இருந்தால், மினுக்கத்தைப் பார்க்காமல் கழுத்தைப் பாருங்கள். உடலின் அடிப்பக்கத்தைக் கண்ணருகே பிடித்து, துப்பாக்கியில் குறிபார்ப்பதுபோலத் தலையை நோக்கி விரற்பலகையின் ஓரத்தைப் பாருங்கள். மெல்லிய குழிவு இருக்கலாம், முறுக்கு இருக்கக் கூடாது. பிறகு ஆறாம் தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாம் எட்டாம் ஃபிரெட்டுகளுக்கு மேல் தந்திக்கும் உலோகத்துக்கும் இடையில் ஓர் அறிமுக அட்டை நுழையும் அளவு இடைவெளி, ஏறக்குறைய கால் மில்லிமீற்றர், இருந்தால் நல்லது. அதைவிட அதிகமாக இருந்தால், கழுத்துக்குள் உள்ள கம்பியின் ஆணியைச் சாவியால் கால் சுற்று வலப்பக்கம் திருப்பச் சொல்லிப் பாருங்கள். குழிவு குறைந்தால் கம்பி வேலை செய்கிறது. ஆணி ஏற்கெனவே முற்றாக இறுகியிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்தக் கருவியை வைத்துவிட்டு வாருங்கள். தலைக்குப் பின்னால், நட்டின் கீழ், நகத்தால் மெதுவாக வருடுங்கள். ஒட்டிய கோடு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்துக்குத் தெரியும்.

அடுத்ததாகக் கேபிளைக் கொழுவி, ஜாக்கைப் பக்கவாட்டில் அசையுங்கள். குமிழ்களை முழுதும் திருப்புங்கள். கரகரப்பு வந்தால் அதற்காக மறுக்க வேண்டாம், சுத்தம் செய்யும் திரவத்தில் போய்விடும்; விலையைக் குறைக்க அது ஒரு காரணம். ஒரு சிறிய திருப்புளியின் முனையால் ஒவ்வொரு பிக்கப்பின் தலையிலும் தொட்டால் ஸ்பீக்கரில் "டக்" என்று கேட்க வேண்டும். ஹம்பக்கரின் இரண்டு வரிசையிலும் தனித்தனியே தொட்டுப் பாருங்கள், ஒரு சுருள் செத்துப்போன ஹம்பக்கரை விற்பவர்கள் இருக்கிறார்கள். கடைசியாக, ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் வாசியுங்கள். பதினைந்து நிமிடம் எடுக்கும், கடைக்காரர் பொறுமை இழப்பார், பரவாயில்லை.

கொண்டுபோகும் முறை இரண்டு. உங்கள் கையோடு, தோளில், பஸ்ஸிலும் ஓட்டோவிலும் போவதானால் கழுத்துக்கு உள்ளே தாங்கல் வைத்த தடித்த பை போதும், அதை மேல்தட்டில் வைக்காமல் முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வையுங்கள். குழுவின் லொறியில் ஸ்பீக்கர்களோடு போவதானால் கடினப் பெட்டி இல்லாமல் அனுப்ப வேண்டாம். கொழும்புக்குப் போகும் இரவு ரயிலில் நான் பையின் பட்டியை ஆசனக் கையில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் கண்ணயர்வேன். நண்பகலில் மூடிய வான் வண்டியின் பின்பகுதியில் எந்தப் பெட்டியிலும் விட வேண்டாம். பசை இளகும் வெப்பம் அங்கே வருகிறது. புலம்பெயர்ந்த உறவுகளின் அழைப்பில் லண்டனுக்கோ டொரொண்டோவுக்கோ போக வாய்ப்பு வந்தால், ரோஸ்வுட் விரற்பலகைக்காக இப்போது பயப்பட வேண்டியதில்லை. அந்த மரத்தின் வணிகத்துக்கு 2017 ஜனவரியில் வந்த சர்வதேச (சைட்டிஸ்) கட்டுப்பாட்டிலிருந்து, முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்குக் கிடைத்துவிட்டது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் 1992 முதல் உள்ள கடும் கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது. அந்த மரம் உள்ள பழைய கருவியை எல்லை கடந்து கொண்டுபோகாதீர்கள்.

மே மாதம் விடுதி வேலை தொடங்குகிறது என்றால் மார்ச் மாதத்துக்குள் வாங்கிவிடுங்கள். கொழும்பில் குளிரூட்டிய கடையில் மாதக்கணக்காகத் தொங்கிய கழுத்து, உப்புவெளிக் காற்றுக்கு வந்து இரண்டு வாரத்தில் ஒரு புதிய வளைவுக்குப் போய்ச் சேரும். அதுவரை கையை வைக்காமல் தினமும் வாசியுங்கள். பிறகு அறிமுக அட்டையை வைத்து அளந்து, ஆணியைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பி, ஓர் இரவு விட்டு மறுபடி அளவுங்கள். அது அசையாமல் நின்ற பின்னர்தான் தந்தியின் உயரத்தை, பன்னிரண்டாம் ஃபிரெட்டில் முதல் தந்திக்கு ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்று மேலாகவும் ஆறாம் தந்திக்கு இரண்டாகவும் வைத்து இறுக்க வேண்டும்.